சீனத் தொழிலாளியின் பதினெட்டாவது மாடி வீடு: இது ஒருவர் கதையா, ஊர்க் கதையா?

சத்தியவேட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆந்திர எல்லையில் உள்ள சத்தியவேட்டில் குடியிருக்கிறேன். தடாவுக்கு அருகில் உள்ள தொழிற்பேட்டையில், ஏ.சி.க்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் எங்களுக்குப் புதிதாக இரண்டு மோல்டிங் மெஷின்கள் வந்தன. அவற்றைப் பொருத்தி ஓட்டிக் காட்டச் சீனாவிலிருந்து இரண்டு டெக்னீஷியன்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவருக்கு 37 வயது. ஹெனான் மாநிலத்தில் ஒரு கிராமம் அவருடைய சொந்த ஊர். வேலை பார்ப்பது தெற்கே டோங்குவான் நகரத்தில். எங்கே போனாலும் தேயிலை மிதக்கும் ஒரு வெந்நீர் பிளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டே போவார். கேன்டீன் தேநீரை ஒரே ஒரு முறை குடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரையைக் கண்டு மிரண்டு போனார்.

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் பேசிக்கொள்கிறோம். தமிழில் வைத்தால் அது குளறுகிறது என்பதால் தெலுங்கில் வைத்துக்கொண்டோம். ஒரு நாள் இரவு ஷிப்டில், மோல்டு சூடேறக் காத்திருந்த நேரத்தில், அவர் ஒரு படத்தைக் காட்டினார். முப்பது மாடி உயரத்துக்கு வெறும் சிமென்ட் எலும்புக்கூடாக ஒரு கட்டடம். பக்கத்தில் துருப்பிடித்த கிரேன். கீழே இடுப்பளவு புல். பதினெட்டாவது மாடியை விரலால் தொட்டு, "இது என் வீடு" என்றார். ஹெனானின் தலைநகரான ஜெங்ஜோவில் 2020இல் பதிவு செய்தாராம். வேலை 2021இல் நின்றுவிட்டது. தவணையை மட்டும் இன்றுவரை மாதம் தவறாமல் கட்டி வருகிறார். ஒன்பது வயது மகள் கிராமத்தில் பாட்டியோடு இருக்கிறாள். வருடத்தில் ஒரு முறை, சீனப் புத்தாண்டுக்குத்தான் இவர் ஊருக்குப் போகிறார். வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருந்துவிடலாமே என்று கேட்டேன். "35 தாண்டிவிட்டது, இதை விட்டால் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்" என்று செயலி எழுதிக் காட்டியது. மொழிபெயர்ப்புப் பிழை என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

எங்கள் டீக்கடையில் தினமும் "சீனாக்காரன் எங்கேயோ போய்விட்டான்" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மெஷினைப் பார்த்தால் அது உண்மை என்றுதான் தோன்றுகிறது. அதைச் செய்தவரைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. கட்டி முடிக்காத வீட்டுக்கு ஒருவர் ஏன் தவணை கட்ட வேண்டும்? சொந்த மகளை வேலை பார்க்கும் ஊருக்கு அழைத்து வர எது தடை? 37 வயது என்பது வேலைக்கு ஆகாத வயதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். எல்லைச் சண்டை அரசியலை மட்டும் இந்த இழையில் தவிர்த்துவிடுங்கள்.

*

கொழிஞ்சாம்பாறை ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, நான் பாலக்காட்டுப் பக்கம் வங்கியில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்காலம் வீட்டுக் கடன் பிரிவில் கழிந்தது. ஆகவே உங்களுடைய முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றவற்றை அறிந்தவர்கள் எழுதட்டும்.

நம் ஊரில் ஒருவர் அடுக்குமாடி வீடு பதிவு செய்தால், அஸ்திவாரம், தளம், பூச்சு என்று வேலை ஏற ஏறத்தான் வங்கி கடன் தொகையைப் பகுதி பகுதியாக விடுவிக்க வேண்டும். இங்கும் இதை மீறி ஏமாந்தவர்கள் உண்டு என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. சீனாவில் பெரும்பாலான புதிய வீடுகள் கட்டி முடிப்பதற்கு முன்பே விற்கப்பட்டன. ஒப்பந்தம் கையெழுத்தானதும் வங்கி முழுக் கடனையும் கட்டுநர் பக்கம் செலுத்திவிடும். மறு மாதமே வாங்கியவர் தவணையைத் தொடங்கிவிடுவார். அந்தப் பணத்தைத் தனிக் கண்காணிப்புக் கணக்கில் வைத்து, அதே கட்டடத்துக்கு மட்டும் செலவழிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இந்தக் கட்டடத்துக்கான பணம் அடுத்த ஊர் நிலத்தை வாங்கப் போயிற்று. அடுத்த ஊர்ப் பணம் அதற்கடுத்த ஊருக்குப் போயிற்று. நகர நிலம் முழுவதும் அரசுடையது என்பதால் அதன் பயன்பாட்டு உரிமையை ஏலம் விட்டே உள்ளாட்சி அரசுகள் சாலையும் மெட்ரோவும் போட்டன. ஆகவே விலை ஏறிக்கொண்டே போவது வாங்குபவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வாங்குபவரும் ஏறுகிற விலையைக் கண்டு மகிழ்ந்துகொண்டுதான் இருந்தார்.

2020 ஆகஸ்டில் அரசு விழித்துக்கொண்டு, கட்டுநர்களின் கடனுக்கு "மூன்று சிவப்புக் கோடுகள்" என்ற வரம்பை விதித்தது. புதுக் கடனால் பழைய கடனை அடைத்து வந்தவர்களுக்கு மூச்சு நின்றது. எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுநர் நிறுவனம் 300 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட கடன் பொறுப்புகளோடு 2021 டிசம்பரில் தவணை தவறியதாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. 2023இல் கண்ட்ரி கார்டன் நிறுவனமும் வெளிநாட்டுக் கடனில் தவறியது. உங்கள் நண்பரின் கட்டடம் எவருடையது என்று தெரியாது. ஆனால் 2020இல் பதிவு, 2021இல் வேலை நிறுத்தம் என்று அவர் சொன்ன ஆண்டுகள் இந்த வரிசையோடு அப்படியே பொருந்துகின்றன. இப்படி நிற்கும் கட்டடங்களுக்கு அங்கே "லான்வெய்லோவ்" என்று பெயர்; வால் அழுகிய கட்டடம் என்பது அதன் பொருள்.

தவணையை நிறுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 2022 கோடையில் ஜிங்டெஜென் நகரில் வீடு வாங்கியவர்கள் கூட்டாக அப்படித்தான் அறிவித்தார்கள். அது பல நகரங்களுக்குப் பரவியது. ஜெங்ஜோ நகரம் இதற்கென நிவாரண நிதியே அமைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அரசு அழுத்தம் கொடுத்துப் பல கட்டடங்களை முடித்துக் கொடுக்க வைத்தது உண்மை. ஆனால் தனி ஆள் ஒருவர் தவணையை நிறுத்தினால், கடன் ஒப்பந்தம் அவருக்கும் வங்கிக்கும் இடையிலானது, கட்டுநர் ஓடிப்போனது வேறு வழக்கு என்பதுதான் வங்கியின் நிலை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் செலுத்தாதவரின் பெயர் அங்கே ஒரு கறுப்புப் பட்டியலில் ஏறும். ஏறினால் விமானத்துக்கும் அதிவேக ரயிலுக்கும் பயணச்சீட்டு எடுக்க முடியாது. தடாவுக்கு வந்து மெஷின் பொருத்திச் சம்பாதிக்கிற ஒருவருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று நம்மவர்கள் இரண்டு சோதனைகளைத் தனித்தனியாகத்தான் சொன்னார்கள். சீனாவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வீடு இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது கடினம். முன்பணத்துக்குப் பெற்றோர் இரு தரப்பின் சேமிப்பையும் துடைத்து எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் குடும்பங்களின் சொத்தில் பெரும்பகுதி அந்த ஒரே வீடுதான். 2021க்குப் பிறகு வீட்டு விலை சரிந்துகொண்டே வந்ததில், கட்டி முடித்த வீட்டில் குடியிருப்பவர்கூடத் தாம் ஏழையாகிவிட்டதாக உணர்ந்து கைச்செலவைச் சுருக்கிக்கொள்கிறார்.

*

நகரி தறிவீடு எழுதியது:

சத்தியவேட்டு அண்ணாவுக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்தபோது எனக்கு என் மகள் நினைவுதான் வந்தது. நாங்கள் ஆந்திராவின் நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறோம். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டு தெலுங்கு. மகளைப் பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் திருத்தணிப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்த்தோம். பேருந்தில் முக்கால் மணி நேரம். கல்லூரிக் கலந்தாய்வு வந்தபோது அந்தப் பக்கம் இருப்பிடச் சான்று கேட்டார்கள். இந்தப் பக்கம், கடைசி ஆண்டுகளில் இங்கே படிக்கவில்லையே என்றார்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அலுவலகங்களுக்கு நடந்தோம். கடைசியில் கட்டணம் அதிகமான ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தோம். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் எங்களுக்கு ஒரு பருவத்தில் வந்துபோன இந்தத் தொல்லை, சீனாவில் ஒரு மனிதருக்குப் பிறப்பு முதல் இறப்பு வரை கூடவே வருகிறது.

அதன் பெயர் ஹுகோவ். 1958இல் சட்டமான குடும்பப் பதிவு முறை. நீங்கள் எந்த ஊரில் பதியப்பட்டிருக்கிறீர்களோ அந்த ஊரின் பள்ளி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம்தான் உங்களுக்கு. வேலைக்காக எங்கே வேண்டுமானாலும் போகலாம். போன இடத்தில் நீங்கள் வந்தேறியே. இப்படிக் கிராமப் பதிவோடு, வெளியூரிலோ சொந்த ஊரிலோ, விவசாயத்தை விட்டு வேறு வேலை செய்பவர்கள் இன்று ஏறத்தாழ 30 கோடிப் பேர். பதிவுக் கட்டுப்பாட்டைச் சிறு நகரங்கள் பெரும்பாலும் தளர்த்திவிட்டன. வேலை அதிகமுள்ள பெருநகரங்களில்தான் கதவு இன்னும் ஒருக்களித்தே இருக்கிறது. டோங்குவான் போன்ற நகரங்களில் வெளியூர்ப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் வேண்டுமானால், பெற்றோர் எத்தனை ஆண்டு சமூகக் காப்பீடு கட்டினார்கள், சொந்த வீடு உண்டா என்று புள்ளிக் கணக்குப் போடுவார்கள். புள்ளி குறைந்தால் தனியார் பள்ளிக் கட்டணம். அதையும் கட்டிச் சமாளித்தாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எழுத வேண்டிய "காவ்காவ்" நுழைவுத் தேர்வை, நிபந்தனைகள் நிறைவேறாதவர்கள் பதிவு ஊருக்குத் திரும்பித்தான் எழுத வேண்டும். ஹெனானில் மட்டும் 2024இல் அந்தத் தேர்வை எழுதப் பதிந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். பெய்ஜிங்கில் பதிவு பெற்ற பிள்ளைக்குத் தலைசிறந்த பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் இட விகிதம் ஹெனான் பிள்ளைக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். என் யூகம் இதுதான்: உங்கள் நண்பர் ஜெங்ஜோவில் வீடு வாங்கியதே மகளை நினைத்துத்தான் இருக்கும். நகரத்தில் வீடு இருந்தால் நகரப் பதிவும் பள்ளி இடமும் சுலபம். அந்தப் பதினெட்டாவது மாடி எழும்பியிருந்தால் அந்தக் குழந்தை இன்று அங்கே பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பாட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மாமியாருக்கு ஆந்திர அரசு மாதம் 4,000 ரூபாய் ஓய்வூதியம் கொடுக்கிறது. முதல் தேதி விடிந்ததும் வாசலுக்கே கொண்டுவந்து கையில் தருகிறார்கள். சீனாவில் கிராமப்புற முதியோருக்கான அடிப்படைத் தொகையின் தேசியக் குறைந்தபட்சம் 2025இல் உயர்த்திய பிறகும் மாதம் 143 யுவானாகத்தான் இருந்தது, அதாவது நம் பணத்தில் சுமார் 1,700 ரூபாய். சொந்தமாகக் கட்டிய சந்தா, மாநிலம் சேர்க்கும் தொகை எல்லாம் கூடிப் பலருக்கு 200 யுவான் சொச்சம் வரும். விலைவாசி நம்மைவிட உயர்ந்த நாட்டில் அது உப்புக்கும் புளிக்கும் காணாது. முதல் முறை இதைப் படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். நகரத்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவருக்கு அங்கே ஆயிரக்கணக்கில் வருகிறது. வயலில் உழைத்துத் தேய்ந்தவருக்கு இதுதான். ஆகவே உங்கள் நண்பர் அனுப்பும் பணத்தில்தான் பாட்டியின் மருந்தும் இருக்க வேண்டும்.

*

வேலந்தாவளம் மருத்துவர் எழுதியது:

நான் 2012 முதல் 2018 வரை ஹூபே மாநிலத்தில் மருத்துவம் படித்தேன். என்னோடு பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் சித்தூர் மாவட்டத்திலிருந்தும் நிறையப் பேர் படித்தார்கள். அன்று நான் பார்த்த சீனாவில் எல்லோரும் அடுத்த ஆண்டு இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்பினார்கள். விடுதிக்கு எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருந்த அம்மாள், மகனுக்கு வாங்கப்போகும் வீட்டின் வரைபடத்தைக் கல்லாப்பெட்டிக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார். சில்லறை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

இன்று எனக்குச் செய்தி அனுப்பும் நண்பர்களின் பேச்சில் அந்த நம்பிக்கை வற்றிவிட்டது. எனக்குச் சீன மொழி கற்பித்த ஆசிரியையின் தம்பி முதுகலை முடித்து, மத்திய அரசுப் பணித் தேர்வை மூன்றாவது முறை எழுதிவிட்டுப் பெற்றோர் வீட்டிலேயே இருக்கிறார். சமைக்கிறார், தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார், அதற்குப் பெற்றோர் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறார்கள். இப்படி இருப்பவர்களுக்கு அங்கே "முழுநேரப் பிள்ளைகள்" என்றே ஒரு பெயர் வழங்குகிறது. இவர் ஒருவர் மட்டுமல்லர். 2025இல் மட்டும் 1 கோடியே 22 லட்சம் பேர் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். நகரங்களில் 16 முதல் 24 வயதுடையோரின் வேலையின்மை 2023 ஜூனில் 21.3 விழுக்காட்டைத் தொட்டது. அடுத்த மாதக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு படித்துக்கொண்டிருப்பவர்களை நீக்கிவிட்டு புதிய முறையில் கணக்கெடுத்து, அந்த டிசம்பருக்கு 14.9 என்று வெளியிட்டார்கள். அந்தப் புதிய முறையிலேயே 2025 ஆகஸ்டில் 18.9 ஆகிவிட்டது. அளவுகோலை மாற்றினாலும் காய்ச்சல் இறங்கவில்லை.

37 வயதைப் பற்றிக் கேட்டீர்கள். செயலி தவறாக மொழிபெயர்க்கவில்லை. "35 வயதுக்கு உட்பட்டோர் மட்டும்" என்பது அங்கே வேலை விளம்பரங்களில் சாதாரணமாக வரும் வரி. தனியார் நிறுவனங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது அரசே. மத்திய அரசுப் பணித் தேர்வின் வயது வரம்பு நெடுங்காலம் 35தான். 2025 அக்டோபரில்தான் அதை 38 ஆக்கினார்கள். அந்த முறை 38,100 இடங்களுக்குத் தகுதி பெற்ற விண்ணப்பங்கள் 37 லட்சத்துக்கும் மேல்; ஓரிடத்துக்கு ஏறத்தாழ 98 பேர். இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். 2025 தொடங்கி ஓய்வு வயதைப் பதினைந்து ஆண்டுகளில் ஆண்களுக்கு 60இலிருந்து 63 ஆகவும், பெண்களுக்கு வேலையைப் பொறுத்து 55 அல்லது 58 ஆகவும் உயர்த்துகிறார்கள். 35இல் கிழவன், 63 வரை ஓய்வு இல்லை. நடுவில் உள்ள அந்த இருபத்தெட்டு ஆண்டுகளை ஒருவர் எதைச் செய்து கடப்பது? பலர் உணவு விநியோக ஸ்கூட்டரில் ஏறுகிறார்கள். ஒரு பெரிய விநியோக நிறுவனத்தில் மட்டும் 2023இல் வருமானம் பெற்றவர்கள் 74 லட்சத்துக்கும் மேல்.

அங்கே இளைஞர்கள் அடிக்கடி சொல்லும் சொல் "நெய்ஜுவான்". உள்நோக்கிச் சுருள்வது என்று பொருள். எல்லோரும் கூடுதலாக உழைப்பார்கள், ஒருவருக்கும் கூடுதலாகக் கிடைக்காது. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 6 நாள் என்ற "996" முறையை 2019இல் அலிபாபா நிறுவனர் ஜாக் மா ஒரு பாக்கியம் என்றார்; 2021இல் உச்ச மக்கள் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டில்தான் "டாங்பிங்", அதாவது மல்லாந்து படுத்துவிடுவது, என்ற சொல் பரவியது. வீடு வேண்டாம், திருமணம் வேண்டாம், குழந்தை வேண்டாம், ஓடவும் வேண்டாம் என்ற நிலை அது. அரசு ஊடகங்கள் அதைக் கண்டித்தன. கண்டித்து என்ன பயன்? 2013இல் 1 கோடியே 34 லட்சத்துக்கும் மேல் இருந்த திருமணப் பதிவு 2024இல் 61 லட்சம். ஒரே குழந்தைதான் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் கெடுபிடி செய்த அரசு, இன்று மூன்று வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் தருகிறேன், பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறது. என் தோழி ஒருத்தி இதற்கு அனுப்பிய பதில், பால் மாவு டப்பாக்களின் படமும் ஒரு சிரிப்பு முகமும் மட்டுமே. அவளும் அவள் கணவனும் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளைகள். நான்கு முதியவர்களின் சுமை ஏற்கெனவே அவர்கள் தலையில் இருக்கிறது.

*

களியக்காவிளை வாசகன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனாலும் படிக்கும்போது ஏதோ பஞ்சத்தில் அடிபட்ட நாட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது. நாற்பது ஆண்டுகளில் கோடிக்கணக்கானோரை வறுமையிலிருந்து தூக்கிவிட்ட நாடு அது. அதிவேக ரயில் பாதை மட்டும் 45,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. சராசரி ஆயுள் 79. நம் ஊர்ப் பையன்கள் வளைகுடாவில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து உழைக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் பாட்டியோடுதான் வளர்கிறார்கள். அதை நாம் குடும்பத்துக்காகச் செய்யும் தியாகம் என்கிறோம். சீனர் செய்தால் மட்டும் அவலம் என்கிறோம்.

*

கொழிஞ்சாம்பாறை ஓய்வூதியர் எழுதியது:

களியக்காவிளை நண்பரின் கேள்வி நியாயமானது. அந்தச் சாதனைகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வளைகுடாவுக்குப் போகிறவர் அந்நிய நாட்டுக்குப் போகிறார். உரிமை இல்லை என்று தெரிந்தே போகிறார். ஹெனான்காரர் சொந்த நாட்டுக்குள் அப்படி வாழ்கிறார். பஞ்சம் என்பதும் இங்கே பேச்சல்ல; வளர்ச்சியின் பலன் யார் கைக்குப் போனது என்பதுதான் பேச்சு. 2020 மே மாதத்தில் அப்போதைய பிரதமர் லி கெச்சியாங், நாட்டில் 60 கோடிப் பேரின் மாத வருமானம் ஆயிரம் யுவான் அளவில்தான் இருக்கிறது என்று செய்தியாளர் கூட்டத்திலேயே சொன்னார். 2024இல் நகரத்தில் ஒரு தலைக்குச் செலவுக்குக் கையில் நின்ற ஆண்டு வருமானம் 54,188 யுவான், கிராமத்தில் 23,119.

தொழிற்சாலையும் ரயிலும் துறைமுகமும் வளர்ந்த வேகத்தில் குடும்பங்களின் வருமானம் வளரவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் குடும்பங்கள் செலவழிப்பது அங்கே 40 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இந்தியாவில் அது 60ஐ ஒட்டியது. நோய்க்கும் முதுமைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தானே சேர்த்துவைக்க வேண்டும் என்ற பயத்தில் மக்கள் செலவழிக்கவில்லை. அவர்கள் வாங்காத பொருள்கள் கப்பலேறி வெளியே வருகின்றன. 2024இல் சீனாவின் சரக்கு வர்த்தக உபரி ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டாலர். உள்ளே விற்பனை மந்தம், விலைப் போட்டி கடுமை, அதனால் சம்பள உயர்வு இல்லை. சம்பளம் உயராததால் மறுபடியும் விற்பனை மந்தம். சத்தியவேட்டுத் தம்பியின் தொழிற்சாலைக்கு அந்த மெஷின் மலிவாகக் கிடைத்ததும், அதைப் பொருத்த வந்தவர் தவணைக்குத் திண்டாடுவதும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

*

சத்தியவேட்டுக்காரன் எழுதியது:

ஓய்வூதிய ஐயாவுக்கும், நகரி அக்காவுக்கும், மருத்துவருக்கும், மாற்றுக் கருத்தைச் சொன்ன களியக்காவிளை நண்பருக்கும் நன்றி.

நகரி அக்காவின் யூகத்தை நேற்று இரவு அவரிடமே கேட்டேன். தலையை ஆட்டினார். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றார். பள்ளி மட்டும் உரிய காலத்தில் கட்டி முடிக்கப்பட்டு நடந்துகொண்டிருக்கிறதாம். பழைய படத்தை மறுபடியும் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். புல்லுக்கு அப்பால் நீலக் கூரையும் ஒரு கொடிக்கம்பமும் தெரிந்தன. முதல் முறை அது என் கண்ணில் படவே இல்லை.

பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். என் வீடு யார் கட்டியது, எத்தனை ஆண்டுக் கடன் என்று. அப்பா ஊத்துக்கோட்டையிலிருந்து மேஸ்திரியை அழைத்து வந்து, கையில் பணம் சேரும்போதெல்லாம் ஒவ்வோர் அறையாகக் கட்டினார், பதினோரு ஆண்டுகள் ஆயின, மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை என்றேன். செயலி அதை மொழிபெயர்த்ததும் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மோல்டு சூடேறிவிட்டது, இருவரும் எழுந்தோம். வெள்ளிக்கிழமை அவருக்குச் சென்னையிலிருந்து விமானம்.